விவாகரத்துக்குச் சட்டம் ஏற்கும் காரணங்கள்: கடலூர், புதுச்சேரி மனுதாரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"எங்களுக்குள் ஒத்துவரவில்லை" என்ற ஒற்றை வரியோடு வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறவர்களே அதிகம். அந்த வரியை வைத்து எந்தக் குடும்ப நல நீதிமன்றமும் விவாகரத்து தர முடியாது. இருவரும் சம்மதித்தால் ஒரு வழி உண்டு. ஒருவர் மட்டும் கேட்டால், சட்டத்தில் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்றையாவது தேதியும் சாட்சியும் வைத்து நிரூபிக்க வேண்டும். "திருமணம் மீள முடியாதபடி முறிந்துவிட்டது" என்று சொல்லிக் கலைக்கும் அதிகாரம், அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவின்படி, உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 2023 மே மாதத் தீர்ப்பு இதைத் தெளிவாக்கிவிட்டது. மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்திலோ அந்த வாதம் தனியாக நிற்காது.

பெரும்பாலான மனுக்கள் வரிசை தவறியதால்தான் சிக்குகின்றன. கோபத்தில் புகார், அவசரத்தில் மனு, பிறகு சாட்சி தேடல் என்று தலைகீழாகப் போகிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் பாதித் தலைவலி குறையும்.

1. எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்?

காரணங்கள் சட்டத்துக்குச் சட்டம் மாறும். அதனால் இதுதான் முதல் கேள்வி. இரு இந்துக்களுக்கிடையே நடந்த திருமணம் என்றால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். சுயமரியாதைத் திருமணமும் தமிழ்நாட்டில் இதற்குள்தான் வரும். 1967-இல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு அதற்கு உண்டு. தேவாலயத்தில் நடந்த கிறிஸ்தவத் திருமணத்துக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். இஸ்லாமியப் பெண் நீதிமன்றம் வந்தால் 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம். மதம் பாராமல் பதிவாளர் முன் செய்த திருமணத்துக்கு 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்.

அடிக்கடி தடுக்கும் இடம் கலப்பு மதத் திருமணம். ஒருவர் இந்து, மற்றவர் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர், கோயிலில் தாலி கட்டியாயிற்று என்றால் இந்து திருமணச் சட்டம் அதைத் திருமணமாகவே ஏற்காது. உச்ச நீதிமன்றம் 2008-இல் இப்படித்தான் சொன்னது. அங்கே விவாகரத்து மனு தவறான மனு. செல்லாத திருமணம் என்று அறிவிக்கக் கேட்பதே முறை. திருமணத் தேதியில் இருவரும் எந்த மதத்தில் இருந்தார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி கூடுதலாக உண்டு. 1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன ரெனோன்சான் குடும்பமா உங்களுடையது? 1963-இல் இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதே "ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது" என்று 2(2-ஏ) பிரிவில் எழுதிவிட்டார்கள். தாத்தா காலத்து மேரி (பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலகம்) பதிவேட்டு நகலில் இதற்கான விடை இருக்கும். அந்த வகைக் குடும்பம் என்றால் பிரெஞ்சு சிவில் சட்டம் தெரிந்த புதுச்சேரி வக்கீலைத் தேடுங்கள். கீழே வரும் பிரிவு எண்கள் உங்களுக்கு உதவா.

2. பஞ்சாயத்துப் பத்திரத்தை நம்பாதீர்கள்

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி, முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு, நகையைத் திருப்பிக் கொடுத்து "அத்துவிட்டாச்சு" என்று சொல்வது விவாகரத்து ஆகாது. நோட்டரி முத்திரை குத்தினாலும் ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாம் திருமணம் செல்லாததாகிவிடும், குற்ற வழக்கும் வரலாம். சமூக வழக்கப்படியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக, தொடர்ச்சியாக இருப்பதை நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்கிறவர் தலையில்தான் விழும்.

திருச்சபைத் தீர்ப்பாயம் "இந்தத் திருமணம் செல்லாது" என்று கொடுக்கும் தாளுக்கும் அரசுச் சட்டத்தில் மதிப்பில்லை. குலா (இஸ்லாமியப் பெண் தானே கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்றிதழைத் தனியார் ஷரியத் மன்றங்கள் வழங்க முடியாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது.

பத்திரத்தைக் கிழித்தும் போடாதீர்கள். எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள் என்பதற்கு அது நல்ல சான்று.

3. காலக் கணக்கை முடித்துவிட்டு மனு எழுதுங்கள்

இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, திருமணமாகி ஓராண்டு முடியும் முன் விவாகரத்து மனு போட முடியாது. மிகக் கடுமையான துன்பம் இருந்தால் தனி அனுமதி கேட்கலாம், எளிதில் கிடைப்பதில்லை. இந்த ஓராண்டுக்குள் ஜீவனாம்சம், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கேட்கத் தடை இல்லை.

கைவிட்டுப் போனது காரணம் என்றால், மனு தாக்கலாகும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு முடிந்திருக்க வேண்டும். ஒரு மாதம் குறைந்தாலும் மனு விழும். வழக்கு நடக்கிற காலத்தில் இரண்டு ஆண்டு நிறைந்துவிடுமே என்ற கணக்கு செல்லாது.

4. எந்த நீதிமன்றம்?

இந்து திருமணச் சட்டம் 19-ஆம் பிரிவு தரும் இடங்கள்: திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர். மனைவி மனு போட்டால் அவர் இப்போது வசிக்கும் ஊரும் சேரும். இது 2003-இல் வந்த சலுகை, கணவருக்குக் கிடையாது.

இங்கே எல்லை ஓரத்து வாழ்க்கை என்பதால் இது முக்கியம். திருவந்திபுரத்தில் திருமணம், அரியாங்குப்பத்தில் குடித்தனம், மனைவியின் தாய்வீடு பண்ருட்டி என்று வைத்துக்கொள்வோம். திருமணம் நடந்த இடத்தை வைத்துக் கடலூரிலும், கடைசியாக வாழ்ந்த இடத்தை வைத்துப் புதுச்சேரியிலும் போடலாம். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, அடுத்திருக்கும் கன்னியக்கோயில் புதுச்சேரி. முகவரியை எழுதும்போது குடும்ப அட்டையையும் ஆதாரையும் பார்த்து எழுதுங்கள். தவறான எல்லையில் போட்ட மனு மாதங்கள் கழித்துத் திரும்பி வரும்.

கணவர் புதுச்சேரியிலும் மனைவி கடலூரிலும் தனித்தனியே மனு போட்டுவிட்டால், ஒரே இடத்துக்கு மாற்ற உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. இரண்டு ஊர்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான். மாற்று மனுவை அங்கேயே போடலாம்.

5. காரணங்களை ஒவ்வொன்றாக எடை போடுங்கள்

இந்து திருமணச் சட்டத்தின் 13(1) பிரிவில் உள்ள எல்லாவற்றையும் மனுவில் கொட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. நிரூபிக்க முடிந்த ஒன்றிரண்டு போதும். நிரூபிக்க முடியாத மூன்றாவது காரணம் மற்ற இரண்டின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பும்.

கொடுமை: நடைமுறையில் அதிகம் ஓடுவது இதுதான். அடி உதை மட்டுமல்ல, மனக் கொடுமையும் சேரும். "தினமும் சண்டை போட்டார்" என்று எழுதினால் ஒன்றும் நிற்காது. எந்த நாள், எந்த வீடு, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்ற ஐந்தும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் வேண்டும். குடும்பத்தில் இயல்பாக வரும் உரசலை நீதிமன்றம் கொடுமையாகப் பார்ப்பதில்லை. தொடர்ச்சியும் அது உடம்பிலும் மனதிலும் விட்ட விளைவும்தான் பார்க்கப்படும். குடிப்பழக்கம் தனிக் காரணமாகச் சட்டத்தில் இல்லை. குடித்துவிட்டு என்ன செய்தார் என்பதைக் கொடுமையின் கீழ் எழுத வேண்டும். தாம்பத்தியத்தைக் காரணமின்றி நெடுநாள் மறுப்பதும் இங்கேதான் வரும்.

பொய்ப் புகார் கொடுத்துக் கணவர் வீட்டாரைக் காவல் நிலையத்துக்கு அலைக்கழித்ததும் மனக் கொடுமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகார் கொடுத்தாலே கொடுமை என்று அதற்குப் பொருள் இல்லை. புகார் பொய் என்பது நிரூபணமாக வேண்டும்.

கைவிட்டுப் போனது: பிரிந்திருப்பது மட்டும் போதாது. திரும்பி வரும் எண்ணமே இல்லை என்பதும், போனதற்கு நியாயமான காரணம் இல்லை என்பதும், நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதும் தெரிய வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன நாளிலிருந்து இரண்டு ஆண்டை எண்ணுகிறார்கள், அது தவறு. அன்று அவர் கைவிட்டுப் போகவில்லை, முறைப்படி போனார். அழைத்தும் வர மறுத்த நாள்தான் தொடக்கம். அதுபோல, இருவரும் பேசி முடிவெடுத்துச் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போனதும் கைவிடல் ஆகாது. அடித்துத் துரத்தப்பட்டவர் வெளியேறினால், சட்டத்தின் கண்ணில் கைவிட்டவர் துரத்தியவரே. நடுவில் சமாதானமாகி மீண்டும் குடும்பம் நடத்தினால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

வேறொருவருடன் உடலுறவு: 2018-இல் இது குற்றமில்லை என்று ஆனது, விவாகரத்துக் காரணமாக இன்றும் இருக்கிறது. சம்பந்தப்பட்ட மூன்றாம் நபரையும் வழக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். நேரடிச் சாட்சி கிடைக்காது, சூழ்நிலைச் சாட்சிதான். வெறும் சந்தேகத்தில் இதைத் தொடாதீர்கள். ஆதாரமில்லாமல் மனைவியின் நடத்தையைப் பழித்து எழுதியதே கணவர் செய்த கொடுமை என்று முடிந்த வழக்குகள் உண்டு. உச்ச நீதிமன்றம் 2003-இல் அப்படித் தீர்த்திருக்கிறது. கை வைத்தால் திருப்பிக் கடிக்கும் காரணம் இது.

மனநோய்: நோயின் பெயர் காரணம் ஆகாது. சேர்ந்து வாழ இயலாத அளவுக்கு அது இருக்கிறதா என்பதே கேள்வி. ஜிப்மரில் ஒருமுறை மனநலப் பிரிவில் பார்த்த சீட்டை வைத்து யாரும் ஜெயித்துவிட முடியாது. தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனைக்கு நீதிமன்றமே உத்தரவிடலாம்.

மற்றவை சுருக்கமாக: வேறு மதத்துக்கு மாறியது, தொற்றக்கூடிய பால்வினை நோய், துறவறம் பூண்டது, ஏழு ஆண்டு உயிரோடிருக்கும் தகவலே இல்லாதது. தொழுநோய் 2019 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. பழைய மாதிரி மனுவைப் பார்த்து எழுதுகிறவர்கள் இதை இன்னும் சேர்க்கிறார்கள்.

மனைவிக்கு மட்டும் 13(2)-இல் கூடுதல் காரணங்கள் உண்டு. அதிகம் பயன்படாமல் கிடப்பது ஒன்று: ஜீவனாம்ச உத்தரவு வாங்கிய பின் ஓராண்டுக்கு மேல் சேர்ந்து வாழவில்லை என்றால் அதுவே காரணம். கொடுமையை நிரூபிக்கச் சாட்சி இல்லாதவர்கள் இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

சேர்ந்து வாழ உத்தரவோ, மணம் கலையாமல் பிரிந்து வாழ அனுமதிக்கும் நீதிமன்ற உத்தரவோ கிடைத்து ஓராண்டாகியும் சேரவில்லை என்றால், இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம் என்கிறது 13(1-ஏ).

ஆண்மைக் குறைவால் தாம்பத்தியமே நடக்கவில்லை, அல்லது ஏமாற்றி மணம் செய்தார்கள் என்றால் வழி வேறு: 12-ஆம் பிரிவின் கீழ் திருமணத்தை ரத்து செய்யக் கேட்பது. ஏமாற்று என்றால், அது தெரிந்த ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

6. பிற சட்டங்களில் எது மாறும்?

கிறிஸ்தவர்களுக்குக் கொடுமை, இரண்டு ஆண்டு கைவிடல் ஆகியவை 2001 திருத்தத்துக்குப் பிறகு இருபாலருக்கும் பொதுக் காரணங்கள். திருமணத்துக்குப் பின் வேண்டுமென்றே தாம்பத்தியத்தை மறுத்ததும் தனிக் காரணம். சம்மத மனுவுக்கு, சட்ட வாசகத்தின்படி, இரண்டு ஆண்டு பிரிவு வேண்டும். இந்துக்களுக்கு உள்ள ஓராண்டை நினைத்து அவசரப்பட வேண்டாம்.

1939 சட்டம் இஸ்லாமியப் பெண்ணுக்குக் கொடுப்பது விரிவான பட்டியல்: கணவர் நான்கு ஆண்டு காணாமல் போனது, இரண்டு ஆண்டு பராமரிக்காதது, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை, மூன்று ஆண்டு மணக் கடமையைச் செய்யாதது, கொடுமை முதலியவை. பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கம் கணவர் வெளிநாடு போய்ப் பணம் அனுப்பாத குடும்பங்களில், பராமரிக்காத காரணம்தான் நிரூபிக்க எளிது. வங்கிக் கணக்குப் பட்டியலே பேசும். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது, மூன்று ஆண்டு வரை சிறை.

7. இருவரும் சம்மதித்தால்

இந்து திருமணச் சட்டத்தில் இதற்கான பிரிவு 13-பி. குறைந்தது ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் பிரிவுதான். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் இருவரும் மீண்டும் வந்து உறுதி சொல்ல வேண்டும். இரண்டாவது முறை ஒருவர் "எனக்கு இஷ்டமில்லை" என்றால் மனு அதோடு சரி.

அதனால்தான் பணம், நகை, பிள்ளைகள் பற்றிய உடன்பாட்டை மனுவிலேயே எழுத வேண்டும். முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிட்டு இரண்டாவது கையெழுத்துக்கு அலைகிறவர்கள் உண்டு. மொத்தத்தையும் கடைசிக்கு வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஒரு பகுதி மனுவின்போது, மீதி இறுதி நாளில் வங்கி வரைவோலையாக என்பதே இருவருக்கும் பாதுகாப்பு.

ஆறு மாதக் காத்திருப்பைக் குறைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் வழி திறந்தது. மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளைகள் பொறுப்பும் பேசி முடித்திருக்க வேண்டும். முதல் கட்டம் முடிந்து ஒரு வாரத்தில் அதற்கான மனுவைப் போடலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம்.

8. சான்றுகளைச் சேர்க்கும் முறை

ஒரு நீளக் கணக்கு நோட்டில் தேதிவாரியாக எழுதுங்கள்: திருமணம், குடித்தனம் மாறியது, ஒவ்வொரு பெரிய சம்பவம், பிரிந்த நாள். இதை முடிக்காமல் மனுவை எழுதச் சொல்லாதீர்கள். குறுக்கு விசாரணையில் மாட்டுவது தேதியில்தான்.

தேவையான ஆவணங்கள்: திருமண அழைப்பிதழ், புகைப்படம், பதிவுச் சான்றிதழ், இருவரின் முகவரிச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு, மகளிர் காவல் நிலையம் கொடுத்த மனு ரசீது. அங்கே "பேசி அனுப்பிவிட்டார்கள்" என்று விட்டுவிடாமல் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு உதவாவிட்டாலும் அந்தத் தேதி பின்னால் உதவும்.

வாட்ஸ்ஆப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தாளில் அச்சிட்டால் மட்டும் சான்றாகாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை உறுதி செய்யும் சான்றிதழ் உடன் வேண்டும். மூலத் தகவல் இருக்கும் கைப்பேசியை விற்றுவிடாதீர்கள், மாற்றிவிடாதீர்கள். கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிந்த பேச்சையும் மண வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெட்டி ஒட்டிய பதிவு உங்களுக்கே பாதகம்.

சாட்சிக்கு அம்மா அப்பாவை மட்டும் நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோ வீட்டு உரிமையாளரோ ஒருவர் வந்தால் எடை கூடும்.

9. மனு முதல் விசாரணை வரை

பெண்கள், வருமானம் எவ்வளவு என்று பாராமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

மனு தாக்கலானதும் குறை இருந்தால் திருப்பிக் கொடுப்பார்கள். குறித்த நாளுக்குள் சரிசெய்து மறுபடி போட வேண்டும். மனுவுக்கு எண் ஆனதும் பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டினால்தான் சம்மன் போகும். எதிராளியின் பழைய முகவரியைக் கொடுத்து, அவருக்குத் தெரியாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர் வந்து ரத்து செய்யக் கேட்பார். அதற்குள் நீங்கள் மறுமணம் செய்திருந்தால் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது கவுன்சிலிங், சமரச மையம். சேர்ந்து வாழச் சம்மதமில்லை என்றாலும் போகாமல் இருக்காதீர்கள். பிள்ளைகளைப் பார்க்கும் நேரம், நகை திரும்புவது போன்றவை அங்கேதான் முடிகின்றன. இதே கட்டத்தில் இடைக்கால ஜீவனாம்ச மனுவும் போடலாம். அதோடு இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்பது 2020 உச்ச நீதிமன்ற உத்தரவு. சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் வங்கிக் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

பிறகு எதிருரை (எதிராளியின் பதில்), நிரூபணப் பிரமாணப் பத்திரம் (எழுத்தில் தரும் சாட்சியம்), குறுக்கு விசாரணை, வாதம். வாய்தா தேதியை வக்கீல் குமாஸ்தா சொல்லும் வரை காத்திருக்காமல், வழக்குக்கு உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பாருங்கள். மனுதாரர் வராததால் தள்ளுபடியாகும் மனுக்களில் பல, தேதி தெரியாமல் போனவைதான்.

வெளிநாட்டில் இருக்கும் கணவர் அங்கேயே தீர்ப்பு வாங்கி அனுப்பினால் அது இங்கே தானாகச் செல்லாது. இங்குள்ள சட்டம் ஏற்கும் காரணத்தில், உங்களுக்கு உரிய வாய்ப்புக் கொடுத்து வந்த தீர்ப்பா என்று பார்க்க வேண்டும்.

10. தீர்ப்புக்குப் பிறகு

அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். தீர்ப்பு, தீர்ப்பாணை (டிக்ரி) இரண்டும் வேண்டும். கடவுச்சீட்டு அலுவலகமோ குடும்ப அட்டை மாற்றமோ கேட்பது இரண்டாவதைத்தான்.

மேல்முறையீட்டுக் காலத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது. இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. மேல்முறையீடு செய்கிறவர் 30 நாளுக்குள் போய்விடுவதும், மறுமணம் செய்ய நினைப்பவர் 90 நாள் முடியும் வரை காத்திருப்பதும் பாதுகாப்பு. காத்திருந்த பின்னும், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு பதிவாகியிருக்கிறதா என்று இ-கோர்ட்ஸில் பெயரை இட்டுத் தேடிவிட்டு மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள்.